நேரும் எதிரும்



கூட்டல் குறி நன்மையைக் குறிப்பது, கழித்தல் குறி தீமையைக் குறிப்பது என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றி நிற்கின்றது. மின்கலத்தின் இரு முனைகளிலும் இக்குறிகளைக் காண்போர், நேர்முனையிலேயே சக்தி நிறைந்திருப்பதாகவும், எதிர்முனை வெறுமையானது என்றும் கருதிவிடுகின்றனர். இக்கருத்து கணிதத்திற்கும் பொருந்தாது, மின்சாரத்திற்கும் பொருந்தாது.

முதற்கண் கணிதத்தை நோக்குவோம். பிரம்மகுப்தர் என்னும் பாரத நாட்டுக் கணித மேதை, கி.பி. 628-ஆம் ஆண்டில் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், நேர் எண்ணைத் தனம் என்றும், எதிர் எண்ணை ருணம் என்றும் வழங்கினார். தனமாவது செல்வம், ருணமாவது கடன். 10 ரூபாய்ச் செல்வமும் 10 ரூபாய்க் கடனும் கூடினால் சூனியம். கடன் என்பது இல்லாத பொருளாயின், இருக்கும் செல்வத்தை அஃது எங்ஙனம் அழிக்கவல்லது? இரண்டும் அளவால் ஒன்றே. திசையால் மட்டுமே வேறு.

கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்றும் அவர் விதித்தார். இது விந்தையன்று. 5 ரூபாய்க் கடன் சீட்டுகள் மூன்றினை ஒருவர் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், அவர் 15 ரூபாய் பெற்றவருக்குச் சமமாகிறார். கடன் ஒரு கழித்தல். அதனை நீக்குதல் மற்றொரு கழித்தல். இரண்டும் சேர்ந்து கூட்டலாயின.

இனி மின்சாரத்தைப் பார்ப்போம். 1747-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவர், மின்சாரம் ஒரே வகைத் திரவம் போன்றது என்று கொண்டார். அது மிகுந்த பொருளுக்குக் கூட்டல் என்றும், குறைந்த பொருளுக்குக் கழித்தல் என்றும் பெயரிட்டார். தேய்த்த கண்ணாடியில் அது மிகுந்துள்ளதென அவர் நினைத்தார். 150 ஆண்டுகள் சென்றபின், 1897-இல், இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். அதன் மின்னேற்றமோ எதிர் வகையினது! செப்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து நேர்முனையை நோக்கியே செல்கின்றன. மிகுதி எனப்பட்ட கண்ணாடி, உண்மையில் எலெக்ட்ரான்களை இழந்து நிற்பதாயிற்று. ஆயினும் பழைய கணக்குகளுள் ஒன்றும் பிழைபடவில்லை. எத்திசையை நேர் எனக் கொண்டாலும், கொண்டதை இறுதிவரை மாற்றாது காத்தால் விடை சரியாகவே வரும் அன்றோ?

இரு சாதாரண டார்ச் மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்போம். ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மொத்தம் 3 வோல்ட். அவை சந்திக்கும் நடுவிடம், கீழ்முனையை நோக்க நேராகவும், மேல்முனையை நோக்க எதிராகவும் விளங்குகிறது. இடம் ஒன்றே, நோக்கும் நிலையே வேறு. மாறாக, ஒரு மின்கலத்தைத் தலைகீழாக வைத்தால், 1.5-இலிருந்து 1.5 கழிந்து, விளக்கு எரியாதொழியும். அங்கே கெட்டுப்போன கலம் ஒன்றும் இல்லை. திசை முரண்பட்டதே காரணம்.

12 வோல்ட் மின்கலத்தில் 2 ஆம்பியர் கொள்ளும் விளக்கு 24 வாட் சக்தியைப் பெறுகிறது. அவ்விளக்கின் இரு கம்பிகளையும் மாற்றி இணைத்தால் அழுத்தமும் கழித்தல், ஓட்டமும் கழித்தல். பெருக்கினாலோ அதே 24 வாட்! விளக்கு முன்போலவே ஒளி வீசும். பிரம்மகுப்தரின் விதியே இங்கு ஒளியாகி நிற்கின்றது. இல்லங்களுக்கு வரும் மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் திசை மாறியும், இழை விளக்கு இரு திசையிலும் எரிவது இதனாலேயே ஆகும். மின்கலத்திற்கு மின்னேற்றும்போதோ, அழுத்தத்தின் குறி மாறாமல், ஓட்டத்தின் குறி மட்டும் மாறும். அப்பொழுது பெருக்கற்பலன் கழித்தலாகிறது. கொடுத்துவந்த மின்கலம் கொள்ளத் தொடங்கியது என்பதே அதன் பொருள்.

ஆயினும் திசையைப் பொருட்படுத்தாத விளக்கைக் கண்டு எல்லாக் கருவிகளும் அத்தகையனவே என்று துணிதல் கூடாது. வானொலி போன்ற கருவிகளில் மின்கலங்களைக் குறிகண்டே பொருத்துதல் வேண்டும். மாறினால் கருவி பழுதுபடக்கூடும். எதிர்க்கம்பியைப் பயனற்றதென அறுத்தாலோ, நேர்க்கம்பி இருந்தும் விளக்கு அணைந்துவிடும். நேர்முனையிலிருந்து புறப்பட்டது எதிர்முனைக்கு மீளும் வழி இருந்தாலன்றிச் சுற்று நிறைவுறாது.

எனவே, கழித்தல் குறியைக் காணும்பொழுது, "இங்கு ஒன்றுமில்லை" என எண்ணற்க. "எதனை நோக்க, எத்திசையில்?" என்று வினவுக. அவ்வினாவுக்கு விடை கண்டோர்க்குக் கணக்கும் தெளியும்; விளக்கும் எரியும்.