அரைப் புள்ளி தந்த பாடம்

(ராமநாதபுரத்தில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். விடுமுறையில் சதுரங்கப் போட்டிகளுக்கும் போவேன். அப்படி நான் ஆடி டிரா செய்த ஓர் ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கடந்த மே மாதம் இதே ஊரில் எல்லா வயதினரும் ஆடும் ஒரு போட்டி நடந்தது. நான்காம் சுற்றில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவன், பாம்பனிலிருந்து வந்த என் வகுப்பு மாணவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் கடலுக்குப் போகும் அவன் அப்பாவும் கூட வந்திருந்தார். அவனுடைய மதிப்பெண் அட்டையில் ‘கவனம் போதாது’ என்று எழுதியது நான்தான்.

கடைசியில் ஆளுக்கொரு யானை மிஞ்சியது. என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதல். வெற்றி நிச்சயம் என்றே நினைத்தேன். அவன் தன் ராஜாவை என் சிப்பாய்க்கு எதிரே நிறுத்தினான். யானையைத் தன் பக்கத்து மூன்றாம் வரிசையில் வேலி போல வைத்துக்கொண்டான். என் ராஜாவால் அந்த வரிசைக்குள் நுழைய முடியவில்லை. வேறு வழியின்றிச் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினேன். உடனே யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், பின்னாலிருந்து செக் மேல் செக் வைத்தான். என் ராஜா ஒளிய இடமில்லை. டிரா! ஆளுக்கு அரைப் புள்ளி.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் விளக்கிய தற்காப்பு முறை இது. எப்படிச் செய்தாய் என்று அவனிடம் கேட்டேன். “மூணாவது வரிசைய விடக் கூடாதுன்னு இருந்தேன் சார். நீங்க எப்ப சிப்பாயத் தள்ளுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றான்.

முக்கால் மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தவனுக்கா கவனம் போதாது? என் வகுப்பில் முதலில் கை தூக்குபவர்தான் கவனமானவர். யோசித்துச் சொல்பவருக்கு நான் நேரமே தந்ததில்லை.

2024இல் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது, 14 ஆட்டங்களில் 9 டிரா. அதிலும் 4 முதல் 10 வரை தொடர்ந்து ஏழு டிரா. தோற்காமல் தாக்குப்பிடிப்பதும் திறமைதான்.

இப்போதெல்லாம் கேள்வி கேட்டதும் ஒரு நிமிடம் யாரும் கை தூக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு. அந்த மாணவன் முதல் மதிப்பெண் எடுத்துவிடவில்லை. ஆனால் விடைத்தாளை வெறுமையாகத் தருவதில்லை.

அடுத்த முறை ‘கவனம் போதாது’ என்று எழுதும் முன், யாருடைய கவனம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.