கொடுக்கும் பணத்திற்குப் பெயர் எழுதுவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)



சிறு தொழிலும் நடுத்தரத் தொழிலும் செழிக்க என்ன வேண்டும் என்று கேட்டால், முதல், உழைப்பு, நாணயம், நல்ல இடம் என்று அடுக்குவோம். யாவும் உண்மையே. ஆயினும் இவை அனைத்தும் இருந்தும் மூடப்பட்ட கடைகளின் வழக்குகள் நம்மிடம் சமரசத்திற்கு வந்துள்ளன. அங்கெல்லாம் இல்லாதிருந்தது எழுத்து ஒன்றே.

ஒரு நிகழ்வைக் கூறுகிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். தந்தையின் பாத்திரக் கடையை மூத்த மகன் பதினாறு வயது முதல் கவனித்து வந்தார். இளையவர் சவூதியிலிருந்து பணம் அனுப்பினார். அப்பணத்தில் கடை விரிந்தது. தந்தை வஃபாத்தான சில மாதங்களில், "கடையில் பாதி என்னுடையதல்லவா?" என்றார் இளையவர். "இருபது ஆண்டு உழைத்த எனக்கு என்ன?" என்றார் மூத்தவர். "வாப்பாவின் சொத்தில் எங்கள் பங்கு எங்கே?" என்றனர் சகோதரிகள். இவர்களில் எவரும் பொய்யர் அல்லர். அனுப்பிய பணம் கடனா, முதலீடா, அன்பளிப்பா என்று சொல்லக்கூடியவரோ மண்ணறையில் இருந்தார். இறுதியில் சரக்கை விற்றுக் கடையை மூடினார்கள். அடுத்த பெருநாளில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு வரிசையில் நின்றதை நாம் கண்டோம்.

அம்மூன்று பெயர்களுக்கும் மூன்று சட்டங்கள் உண்டு. கடன் எனில் கொடுத்த தொகை மட்டுமே திரும்பும், இலாபத்தில் பங்கில்லை. அன்பளிப்பு எனில் ஒப்படைத்தபின் பெற்றவருக்கே உரியது. கூட்டு முதல் எனில் இலாப விகிதத்தை முன்னரே பேச வேண்டும். நட்டம் அவரவர் முதலின் அளவைப் பொறுத்தது. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தரும் முளாரபாவில், மோசடியோ கவனக்குறைவோ இன்றி நேர்ந்த நட்டம் முதல் கொடுத்தவரையே சேரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதைச் சிந்திப்போமாக.

நாட்டுச் சட்டமும் எழுத்தையே கேட்கிறது. 1932 ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வெளியார் மீது வழக்குத் தொடர இயலாது. 2006 ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிலுள்ள தவணைக்குள், அதிகபட்சம் 45 நாள்களுக்குள், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாள்கள். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இத்தவணைப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் தம் கடன் ஏட்டை இன்னும் கவனமாகப் பேண வேண்டும்.

ஆகவே கடைக்கும் வீட்டிற்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கடையில் உழைக்கும் மகனுக்குச் சம்பளமா, பங்கா என்பதை முடிவு செய்யுங்கள். அன்றாட வரவு செலவை அன்றே எழுதுங்கள். ஆண்டுக்கொருமுறை, ஸகாத் கணக்கிடும் நாளிலேனும், சரக்கை எண்ணி மதிப்பிடுங்கள்.

"அண்ணன் தம்பிக்குள் எழுத்தா? நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் கேட்கின்றனர். நம்பிக்கை இருக்கும்போதுதான் எழுத முடியும். அது போனபின் எவரும் கையெழுத்திடுவதில்லை.

விடுமுறையில் வந்திருக்கும் சகோதரர்களே! மீண்டும் விமானம் ஏறுமுன், ஒரு மாலைப்பொழுது கடையிலுள்ள உங்கள் சகோதரருடன் அமருங்கள். அனுப்பிய பணத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, இரு சாட்சிகளுடன் கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் நம்மிடம் வாருங்கள். மஃரிபுக்குப் பின் நாம் பள்ளியில்தான் இருக்கிறோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் தொழில்களிலும் உறவுகளிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.