கொழும்பு நாடக மேடை: ஒரு வாரம்

இவ்வாரம் என்ன நாடகம் பார்க்கலாம் என்று பத்திரிகையைப் புரட்டுவோர் பெரும்பாலும் தெரிந்த பெயரையே தேடுகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் கொழும்பில் அவ்வாறு தேடியவர் பேரிழப்புக்கு ஆளாகியிருப்பர். 3ஆம் திகதி சனிக்கிழமை, லயனல் வென்ற் அரங்கில், எதிரிவீர சரச்சந்திர அவர்களின் 'மனமே' என்னும் சிங்கள நாடகம் முதன்முறையாக மேடையேறியது. நடித்தோர் பல்கலைக்கழக மாணவர். கதையோ பழைய ஜாதகக் கதை. இளவரசன், இளவரசி, வேடர் தலைவன் ஆகிய மூவரைச் சுற்றியது. ஆடலும் பாடலுமே அதனை நடத்திச் சென்றன.

அந்த ஆட்டமுறைக்குச் சிங்களத்தில் 'நாடகம' என்று பெயர். பெயரே உறவைச் சொல்லிவிடுகிறது அல்லவா? கரையோரக் கத்தோலிக்க மக்களிடையே பரவிய தமிழ்க் கூத்தின் வழிவந்தது அது. பாமரர்க்குரியதென நம்மவர் கற்றோர் பலர் ஒதுக்கிய கலை, அயல் மொழியிற் புகழ் பெற்றது! சற்றே உறைக்கத்தான் செய்கிறது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்த முயற்சியால் ஊக்கம் பெற்றார். விடிய விடிய ஆடப்படும் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைச் சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்' நாடகத்தை மாணவரைக் கொண்டு அளித்தார். வட்டக்களரியைச் சூழ்ந்திருந்து பார்த்த கூத்தை இப்போது சபையோர் ஒரு புறமிருந்தே பார்த்தனர். அண்ணாவிமார் மனத்தில் என்ன எண்ணினரோ!