கரையிலிருந்து கடலுக்குச் செல்வோர்
(ஊர் வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பொதுப்பணி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொதுப்பணியென்றதும் நம்மவர் இரு கூறாகப் பிரிந்து நிற்பதைக் காண்கின்றேன். "அரசாங்கம் செய்யட்டும்" என்பார் ஒரு சாரார். "அரசாங்கம் செய்யப்போவதில்லை, நாமே செய்வோம்" என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பேசி முடிக்கையில் பொழுது சாய்ந்து விடுகிறது. ஆகவே இன்று அறிவுரை கூறாது, இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு பணியின் கதையைச் சொல்ல விரும்புகின்றேன். பிரித்தானியா, அயர்லாந்து ஆகிய நாடுகளின் கரைகளிலே, புயலில் அகப்பட்டோரை மீட்கச் செல்லும் உயிர்காப்பு வள்ளத் தொண்டர்களின் கதை அது.

"நம்மை ஆண்டவர்களின் புகழைப் பாடவா இந்த மேடைக்கு வந்தீர்?" என்று யாரேனும் உள்ளத்தில் எண்ணக்கூடும். ஐயா, நான் பேசப்போவது தேசாதிபதிகளைப் பற்றியன்று. அந்த வள்ளங்களிலே துடுப்புப் போட்டவர்கள் நண்டு பிடித்தும் மீன் பிடித்தும் வயிறு வளர்த்தவர்கள். அவர்களில் பலர் தம் நாட்டின் தலைநகரைக் கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

அயர்லாந்துக் கடலின் நடுவே மான் தீவு என்றொரு தீவு உண்டு. அதன் துறைமுகமான டக்ளசில் சேர் வில்லியம் ஹில்லரி என்பவர் வாழ்ந்துவந்தார். செல்வமாக இருந்து நொடித்துப்போய் அத்தீவிலே ஒதுங்கிய மனிதர். தம் வீட்டின் முன்னாலேயே கப்பல்கள் பாறையில் மோதி உடைவதையும் மாலுமிகள் மாள்வதையும் கண்டு மனம் பொறாது, 1823ஆம் ஆண்டில் நாட்டு மக்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அச்சிட்டார். கடற்படை அமைச்சு அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பின்னர் இலண்டன் வணிகர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர் சிலரையும் அணுகினார். 1824 மார்ச் 4ஆம் நாள் இலண்டன் விடுதி ஒன்றில் கூடிய கூட்டத்திலே தாபனம் பிறந்தது. அரச தேசிய உயிர்காப்பு வள்ளத் தாபனம் என இன்று வழங்கும் பெயர் 1854இல் வந்தது.

எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே என்னைக் கவர்ந்தது. 1830 நவம்பரிலே 'செயின்ட் ஜோர்ஜ்' என்ற தபால் கப்பல் டக்ளஸ் குடாவின் பாறையில் ஏறியபோது, ஐம்பத்தொன்பது வயதான அக்கிழவர் தாமே வள்ளத்தில் ஏறினார். அலை அவரைக் கடலில் வீசியது. விலா எலும்புகள் முறிந்தன. ஆயினும் கப்பலிலிருந்த 22 பேரும் உயிரோடு கரை சேர்ந்தனர். பின்பு அப்பாறையின்மேல், கப்பலிழந்தோர் ஏறித் தங்குவதற்கென ஒரு கோபுரம் எழுந்தது. 1832இல் கட்டிய அக்கோபுரம் இன்றும் நிற்கின்றது.

1824ஆம் ஆண்டுத் தீர்மானங்களுள் ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். எந்நாட்டுக் குடியாயினும், போர்க்காலமாயினும் சமாதான காலமாயினும், தாபனத்தின் உதவி ஒருபடித்தாகவே கிடைக்கவேண்டும் என்பது அத்தீர்மானம். நெப்போலியனுடன் நிகழ்ந்த பெரும்போர் முடிந்து பத்தாண்டு ஆகாத காலம் அது. பகைவனின் மாலுமியையும் மீட்போம் என்று எழுதி வைத்தார்கள்! வெறும் காகிதத் தீர்மானமாகவும் அது போய்விடவில்லை. இரண்டாம் உலகப் போரிலே, தம் ஊர்களின்மேல் குண்டு வீச வந்து கடலில் விழுந்த ஜெர்மன் விமானிகளையும் அவ்வள்ளங்கள் தேடிச் சென்றன.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. தொடக்கத்தில் நன்கொடை வந்தது. சில ஆண்டுகளில் வற்றியது. 1854 முதல் அரசாங்கத்திடம் மானியம் பெற்றார்கள். 1869இல் அதனைத் தாமாகவே விட்டுவிட்டார்கள். அரசாங்கக் காசு வந்தால் அரசாங்கப் பத்திரங்களும் பின்னே வரும். பொதுமக்களும் "அதுதான் அரசாங்கம் கொடுக்கிறதே" என்று கையை மடக்கிக் கொள்வர். இரண்டும் நிகழ்வதை அவர்கள் கண்கூடாகக் கண்டார்கள். 1897இல் நாடாளுமன்றக் குழுவொன்று விசாரணை நடத்தியபோதும், மக்கள் செம்மையாகப் பேணும்வரை அரசாங்கம் இதனைப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றே முடிவு செய்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. குடிகளின் உயிரைக் காப்பது அரசின் முதற்கடன் அல்லவா? வரி வாங்குகிறவன் வள்ளம் வாங்கக் கூடாதா? இக்கேள்வியை அந்நாட்டிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். கடலோரக் காவலையும் மீட்பு விமானங்களையும் அங்கே அரசாங்கமே நடத்துகிறது. ஆபத்துச் செய்தியைப் பெற்று வள்ளத்தாரை அழைப்பதும் அரசாங்கக் காவற்படைதான். தொண்டர்கள் அரசாங்கத்தை வேண்டாமென்று தள்ளவில்லை. தம் வேலையின் கடிவாளத்தை மட்டும் பிறர் கையிலே கொடுக்க மறுத்தார்கள்.

செல்வர்களின் தருமத்தையே நம்பியிருந்த நிலை மாறியதற்கு ஒரு துயரச் சம்பவம் காரணமாயிற்று. 1886 டிசம்பர் 9ஆம் நாள் இரவு, லங்காசயர்க் கரையில் 'மெக்சிக்கோ' என்ற ஜெர்மன் கப்பல் மணல் திட்டிலே தட்டியது. மூன்று ஊர்களிலிருந்து மூன்று வள்ளங்கள் சென்றன. லிதம் ஊர் வள்ளம் 12 மாலுமிகளையும் மீட்டது. சவுத்போர்ட் வள்ளமும் செயின்ட் ஆன்ஸ் வள்ளமும் கவிழ்ந்தன. 27 தொண்டர்கள் மாண்டனர். செயின்ட் ஆன்ஸ் வள்ளத்தில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அவ்வூரில் குடியிருந்த பருத்தி ஆலை முதலாளியான சார்ள்ஸ் மக்காரா, விதவைகளுக்காகப் பணம் சேர்க்கப் புகுந்தார். இத்தாபனத்தைத் தாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்க சில செல்வர்களே என்பதைக் கண்டு வெட்கினார். 1891இல் மன்செஸ்டர் நகரத் தெருக்களிலே வள்ளங்களை ஊர்வலமாக இழுத்துச் சென்றார். நீண்ட கழிகளின் நுனியில் பைகளைக் கட்டி, டிராம் வண்டிகளின் மேல்தட்டுக்கும் மாடி யன்னல்களுக்கும் நீட்டினார்கள். ஆலைத் தொழிலாளியின் செப்புக் காசு அன்று முதன்முறையாக அப்பைகளில் விழுந்தது. ஒரே நாளில் 5,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது. தெருவில் நின்று பொதுமக்களிடம் தருமப் பணம் சேர்க்கும் வழக்கம் அங்கே இவ்வாறுதான் தொடங்கிற்றென்பர்.

விவசாயிகள் பலர் இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். "கடலுக்கும் எமக்கும் என்ன?" என்று எண்ணுவீர்களாயின், லின்மத் ஊரின் கதையைக் கேளுங்கள். 1899 சனவரி 12ஆம் நாள் மாலை. 'பொரஸ்ட் ஹோல்' என்ற பெருங்கப்பல் சுக்கான் இழந்து தத்தளிப்பதாகத் தந்தி வந்தது. ஆனால் லின்மத் துறையிலே அலை வீதியை மூடி அடிக்கிறது. வள்ளத்தைக் கடலில் இறக்க வழியில்லை. வேறெவராயினும் வானத்தைப் பார்த்துக் கைவிரித்திருப்பர். தண்டயல் ஜாக் குரோக்கம் சொன்னார்: தரை வழியாக இழுத்துச் செல்வோம். பதின்மூன்று மைல் தள்ளியுள்ள போர்லொக் துறையிலே கடல் சற்று அடங்கியிருக்கும், அங்கே இறக்குவோம்.

வண்டியோடு சேர்த்துப் பத்துத் தொன் பாரம். இடையில் ஆயிரத்து நானூறு அடிக்கு ஏறும் மலைப்பாதை. கும்மிருட்டு, மழை, சூறைக்காற்று. பதினெட்டுக்குக் குறையாத குதிரைகளைப் பூட்டினார்கள். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய நூறு பேர் வடம் பிடித்தார்கள். நம்மூர்த் தேர் இருப்பிடம் சேர எத்தனை பேர் வேண்டுமென்று அறிந்த உங்களுக்கு, அத்தேரைச் செங்குத்தான மலையில் நள்ளிரவில் ஏற்றுவதென்றால் என்னவென்று நான் விளக்கவேண்டியதில்லை. வழியில் சில்லொன்று கழன்றது; மாட்டினார்கள். பாதை ஒடுங்கிய இடத்தில் வண்டியைத் தனியே வயல்வெளியால் அனுப்பிவிட்டு, வள்ளத்தை மரக்கட்டைகளின்மேல் இழுத்துச் சென்றார்கள். படலைத் தூண்களைக் கிண்டி எடுத்தார்கள்; ஒரு வீட்டு மதிலை இடித்தார்கள். மலையுச்சி கண்டபின் பெரும்பாலோர் வீடு திரும்ப, எஞ்சிய இருபது பேரளவினர் வள்ளத்தைப் பள்ளத்தில் விழாமல் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். பத்து மணி நேரத்துக்கு மேலாயிற்று. விடியற்காலையில் வள்ளம் கடலில் இறங்கியது. ஒரு கவளமும் உண்ணாமலே அவர்கள் துடுப்பைப் பிடித்தார்கள். கப்பலிலிருந்த 18 பேரில் ஒருவரும் மாளவில்லை. குதிரைகளில் நான்கு களைப்பால் மாண்டுபோயின.

துடுப்பு வள்ளக் காலத்தின் தண்டயல்களில் முதல்வர் கிரோமர் ஊரின் ஹென்றி புளொக். நண்டு பிடித்தும், கோடை காலத்தில் கடற்கரைக்கு வரும் விருந்தாளிகளுக்குச் சாய்கதிரை வாடகைக்கு விட்டும் சீவித்தவர். 53 ஆண்டுகள் வள்ளத்திலே பணியாற்றி, 387 முறை கடலுக்குச் சென்று, அவரும் அவர் தோழரும் 873 உயிர்களை மீட்டனர். அவருக்கு நீந்தத் தெரியாது! 1917 சனவரியில் கிரேக்கக் கப்பலொன்றிலிருந்து 16 பேரை மீட்டு வந்து கரையில் ஏறிய சற்று நேரத்துக்குள், சுவீடன் நாட்டுக் கப்பலொன்று வெடித்து இரண்டாகப் பிளந்தது. இளைஞர் யாவரும் போருக்குப் போய்விட்டதால் வள்ளத்தில் இருந்தோரின் சராசரி வயது ஐம்பதுக்கு மேல். அலை அவர்களைக் கரைக்கே திருப்பி எறிந்தது, துடுப்புகள் முறிந்தன. வேறு துடுப்புகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் போய் 11 பேரைக் கொண்டுவந்தார்கள். 71 வயதில்தான் புளொக் ஓய்வு பெற்றார்.

அரசியல் அன்பர்களுக்கு அயர்லாந்துச் செய்தி சுவைக்கும். 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுபட்டது; தீவு இரண்டாகியது; உள்நாட்டுப் போரும் மூண்டது. கொடி மாறிற்று, நாணயம் மாறிற்று. உயிர்காப்பு வள்ளங்கள் மட்டும் தீவு முழுவதற்கும் ஒரே தாபனத்தின் கீழே இன்றுவரை இயங்குகின்றன. 1936 பெப்ரவரியில் கோர்க் துறைமுகத்துக்கு அப்பால், கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்குக் கப்பலொன்று நங்கூரம் அறுந்து பாறையை நோக்கி மிதந்தது. பலிகொட்டன் ஊர்த் தண்டயல் பற்றிக் சிலினி, தோழர் அறுவருடன் 49 மணி நேரம் கடலிலே நின்று, மோதி உடையும் அபாயத்தைப் பாராது மீண்டும் மீண்டும் அதன் அருகே வள்ளத்தைச் செலுத்தி எட்டுப் பேரையும் மீட்டார். சுதந்திர அயர்லாந்தின் மீனவனுக்கு இலண்டன் தாபனம் பொற்பதக்கம் வழங்கியது. அரசுகள் எல்லை வகுக்கலாம். பொதுப்பணி எவ்வளவு தூரம் அதற்குக் கட்டுப்படவேண்டும் என்பது நாம் ஆறியிருந்து சிந்திக்கத்தக்கது.

எந்நாட்டாரையும் மீட்போம் என்ற பழந்தீர்மானம் அண்மையிலும் சோதனைக்குள்ளாயிற்று. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட கால்வாயை ரப்பர்ப் படகுகளில் கடக்க முயலும் அகதிகளை மீட்டதற்காக, 2021இல் அரசியல்வாதிகள் சிலர் இத்தொண்டர்களை "வாடகை வண்டிக்காரர்" என்று இகழ்ந்தனர். கரையில் நின்று தொண்டர்களைத் திட்டியோரும் உண்டு. கடலில் மூழ்குபவனிடம் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை என்ற நிலையிலிருந்து தாபனத்தார் அசையவில்லை. அந்த இகழ்ச்சி வெளிவந்தபின் ஒரே நாளில் இரண்டு லட்சம் பவுணுக்கு மேல் நன்கொடை வந்து குவிந்தது. அதே ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் அக்கால்வாயிலே ஒரு படகு கவிழ்ந்து குறைந்தது 27 பேர் மாண்டனர். கடல் கடந்து அகதியாகப் போனவர் இல்லாத குடும்பம் எதுவும் நம்மிடையே உண்டோ?

தாபனம் தொடங்கிய நாள்முதல் ஒரு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மீட்கப்பட்டுள்ளன. இன்று வள்ளமேறுவோரில் பத்தில் ஒருவரே கடற்றொழில் அறிந்தவர். ஏனையோர் ஆசிரியர், எழுதுவினைஞர், தச்சர், கடைக்காரர், வைத்தியர், பெண்களும் பலர். இடுப்பிலுள்ள சிறு கருவி ஒலித்ததும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். உத்தியோகம் பார்க்கும் நண்பர்கள் இதனை மனத்தில் வாங்கிக்கொள்வீர்களாக.

கடைசியாக ஒன்று. கோர்ன்வால் கரையிலே மவுசெல் என்றொரு சிற்றூர். 1981 டிசம்பர் 19ஆம் நாள் இரவு, 'யூனியன் ஸ்டார்' என்ற சரக்குக் கப்பல் எந்திரம் நின்று பாறையை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. கப்பலில் எண்மர், தலைவனின் மனைவியும் இரு பெண் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். விமானம் முயன்று தோற்றது. தண்டயல் திரெவெல்யன் றிச்சட்ஸ் ஆட்களைத் தெரிந்தெடுத்தார். தந்தையோடு தானும் வருவதாகப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் முன்வந்தான். இப்படியான இரவில் ஒரு வீட்டிலிருந்து இருவரை ஏற்றமாட்டேன் என்று அவனைக் கரையிலே நிறுத்திவிட்டார்.

மரத்தாலான 'சொலமன் பிறவுண்' என்ற அவ்வள்ளம், அறுபது அடி அலைகளுக்கிடையே கப்பலோடு அணைந்து நின்றது. நால்வரை எடுத்துவிட்டதாக வானொலியில் செய்தி வந்தது. மற்றவர்களை எடுக்க மீண்டும் திரும்பினார்கள். அதன்பின் வானொலி பேசவில்லை. கப்பலில் எண்மர், வள்ளத்தில் எண்மர், பதினாறு பேரும் மாண்டனர்.

அக்குடும்பங்களுக்கெனப் பொதுமக்கள் மூன்று மில்லியன் பவுணுக்கு மேல் அனுப்பினார்கள். அந்தப் பணத்துக்கு வரி உண்டென்ற பேச்சு அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து எழுந்தது! நாடு கொதித்தெழவே அரசாங்கம் பின்வாங்கிற்று. வரி வசூலிப்போர் எந்நாட்டிலும் ஒரே குலத்தவர் போலும்.

மாண்ட எண்மரின் இடத்தை நிரப்புவதற்கு, ஒரு நாளுக்குள்ளேயே அவ்வூரிலிருந்து புதிய அணி ஒன்றுக்குப் போதுமானவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். கரையில் நிறுத்தப்பட்ட இளைஞனும் வள்ளத்தில் சேர்ந்தான்; பின்னாளில் அந்தக் கரையின் வள்ளத்துக்குத் தண்டயலுமானான். நத்தார் காலத்தில் அவ்வூர்த் துறைமுகம் முழுவதும் வண்ண விளக்குகள் எரியும். ஆண்டுதோறும் டிசம்பர் 19ஆம் நாள் இரவில் மட்டும் ஒரு மணி நேரம் அவற்றை அணைத்து வைக்கிறார்கள்.