பக்கத்து ஜில்லாவின் சாட்சி

நேயர்களே, ஓர் அரசாங்கத் திட்டம் மக்களுக்கு நன்மை செய்ததா என்பதை எவ்வாறு அறிவது? திட்டத்துக்கு முன்னிருந்த நிலையையும் பின்னிருந்த நிலையையும் ஒப்பிட்டால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அறிக்கைகளை மொழிபெயர்க்கும் நாம் அடிக்கடி காணும் சொற்கள் இரண்டு: மாற்றம், விளைவு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியம் கெடாது, உண்மை கெட்டுவிடும்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் பழைய வரலாறு ஒன்று இதை நன்கு விளக்கும். சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1938 அக்டோபரில் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939 அக்டோபரில் வட ஆற்காட்டுக்கும் அது பரவியது. ஆகவே ஓராண்டுக் காலம் சித்தூரில் கள்ளுக்கடை இல்லை. அடுத்திருந்த வட ஆற்காட்டில் இருந்தது. 1911-இல் சித்தூர் ஜில்லா உருவானபோது, அதன் பெரும்பகுதி வட ஆற்காட்டிலிருந்தே பிரிந்து வந்தது. உடன்பிறந்தவர் இருவரில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தது போன்ற நிலை அது.

கணக்கு விளங்குவதற்கு ஒரு கற்பனை எண்ணைக் கொள்வோம். சித்தூரில் நூறு குடும்பங்களில் கடன்பட்டவை 60-லிருந்து 45 ஆகக் குறைந்தன என்க. பதினைந்தும் மதுவிலக்கின் பயனா? அதே ஆண்டில் வட ஆற்காட்டிலும் 60 என்பது 52 ஆகியிருந்தால், அந்த எட்டு நல்ல மழையாலோ விளைபொருள் விலையாலோ வந்ததாகும். எஞ்சிய ஏழையே விளைவெனக் கூறலாம். வேறுபாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காணும் இம்முறையே இன்றைய புள்ளியியலாரின் முக்கியக் கருவிகளுள் ஒன்று.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். சித்தூர்க் குடிகாரர் எல்லை தாண்டிச் சென்று குடித்தால் ஒப்பீடு பழுதாகும். குடிப்பது குற்றமான பின் ஒருவரும் மெய் சொல்லார். ஆதலால் அடுப்பையும் அடகுக் கடையையும் பற்றிக் கேட்பதே நலம். திருப்பதிக் கடைத்தெருவில் வியாபாரம் பெருகினால், அது யாத்ரிகர் கூட்டத்தால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். பெயரும் நம்மை ஏமாற்றும்: 1960-இல் திருத்தணி சித்தூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பழைய சித்தூரும் இன்றைய சித்தூரும் ஒன்றென எண்ணிக் கணக்கிடலாகாது.

இன்னொன்று: வேலையிழந்த மரமேறியின் குடும்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மதுவரி போனதை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. அதன் சுமையையும் எண்ண வேண்டும். பயனை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கே.

எல்லாவற்றிலும் சிறந்தது, திட்டம் முதலில் எந்தெந்த ஊர்களுக்கு என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பது. அப்போது செல்வாக்குள்ள ஊரென்றும், முன்பே செழித்த ஊரென்றும் பேதம் நுழையாது.

நேயர்களே, வெளி மாநிலத்தில் வாழும் நாமும் அங்கங்கே வரி செலுத்துகிறோம். திட்டங்களின் பயனை எதிர்நோக்குகிறோம். இனி எவரேனும், "எல்லாம் இத்திட்டத்தால் வந்த நன்மை" என்றால், பணிவுடன் ஒரு கேள்வி கேட்போம்: "இத்திட்டம் வராத பக்கத்து ஊரில் என்ன நடந்தது?"