சீன தேசமும் பிறவிப் பதிவும்

(ஒரு சொற்பொழிவின் சாரம்)



சீன தேசத்தில் 1978ம் வருஷத்திற்குப் பிறகு ஏற்பட்ட பொருளாதார மாறுதலைப் பற்றியும், அதனால் அந்நாட்டு ஜன சமூகத்திலும் ஆட்சியிலும் உண்டான விளைவைப் பற்றியும் இன்று பேசும்படி கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறோம். விஷயம் பெரிது, நேரமோ குறைவு. ஆதலால் எல்லாவற்றையும் தொட்டு ஒன்றையும் விளக்காமல் போவதைவிட, முக்கியமென்று நமக்குப் படுகிற ஒரு விஷயத்தை மாத்திரம் எடுத்துச் சொல்லலாமென்று நினைக்கின்றோம்.

சீனாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சியார், "சந்தையைத் திறந்தார்கள், செல்வம் பெருகிற்று, கஷ்டமெல்லாம் தீர்ந்தது" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "பொதுவுடைமையை விற்று முதலாளி கையில் கொடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் நாம் கேட்பது ஒரே கேள்விதான். பாடுபட்டவனுக்கு என்ன கிடைத்தது? பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன், மற்றவன் தாழ்ந்தவன் என்கிற வித்தியாசம் ஒழிந்ததா, ஒழியவில்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மாடிக் கட்டிடங்களின் உயரத்தை அளந்து காட்டுவதில் என்ன பிரயோஜனம்?

முதலில் நியாயமாய் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளுவோம். 40 வருஷ காலத்தில் ஏறக்குறைய 80 கோடி ஜனங்கள் கொடிய வறுமையிலிருந்து கரையேறினார்கள் என்று உலக பாங்கியே கணக்குச் சொல்லுகிறது. இது சாமானிய காரியமல்ல. இதை இல்லையென்று சொல்லுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்களே ஆவார்கள்.

நிற்க, இந்தச் செல்வம் யாருடைய முதுகின்மேல் ஏறி வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு 'ஹுகோ' என்கிற குடும்பப் பதிவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும். 1958ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சீன சர்க்கார் ஒரு சட்டம் செய்தார்கள். அதை வைத்து எழுந்த ஏற்பாட்டின்படி ஒவ்வொரு மனிதனும் ஒன்று 'விவசாயப் பதிவு', அல்லது 'விவசாயமல்லாத பதிவு' என்று எழுதப்பட்டான். பட்டணத்துப் பதிவுள்ளவனுக்கு ரேஷன் தானியம், வேலை, வீடு, வைத்தியம், முதுமைச் சம்பளம் முதலியவைகளுக்கு சர்க்கார் வழி செய்தார்கள். கிராமத்துப் பதிவுள்ளவனுக்கோ நிலமும் மண்வெட்டியும்தான். அவன் அநுமதியில்லாமல் பட்டணத்தில் போய்க் குடியேற முடியாது. போனாலும் தானியச் சீட்டில்லாமல் சாப்பிட முடியாது.

இந்தப் பதிவு குழந்தைக்கு எப்படி வந்தது தெரியுமா? பிறப்பினாலேயே வந்தது. தாய்க்கு எந்தப் பதிவோ, குழந்தைக்கும் அதுவே. தகப்பன் பட்டணத்துக்காரனாயிருந்தாலும் தாய் குடியானவளாயிருந்தால் பிள்ளையும் குடியானவன்தான். தகப்பன் பதிவையும் பிள்ளைக்குக் கொடுக்கலாமென்று விதி மாறியது 1998ம் வருஷத்தில்தான். இதையும் நம் நாட்டு ஜாதியையும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. இதற்கு வேதமில்லை, சாஸ்திரமில்லை, தீட்டுமில்லை. கடவுள் நெற்றியில் எழுதினதாக யாரும் சொல்லவுமில்லை. ஒரு குமாஸ்தா காகிதத்தில் எழுதினான், அவ்வளவுதான். ஆனால் பிறந்த அன்றே ஒரு குழந்தையின் யோக்கியதை தீர்மானிக்கப்பட்டுப் போனால், எழுதினவன் பிரம்மாவானாலென்ன, குமாஸ்தாவானாலென்ன?

இதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். 1954ம் வருஷத்து சீன அரசியல் சட்டத்தில் பிரஜைகள் இஷ்டப்பட்ட இடத்தில் வசிக்கவும் இடம் மாறவும் உரிமையுண்டு என்று எழுதியிருந்தது. அந்தச் சட்டம் இருக்கும்போதேதான் மேற்சொன்ன பதிவுச் சட்டமும் வந்தது. பிறகு 1975ல் புது அரசியல் சட்டம் செய்தபோது அந்த உரிமையை அடியோடு எடுத்துவிட்டார்கள். 1982ல் செய்த சட்டத்திலும் அது திரும்பி வரவில்லை.

இதன் பலன் 1959 முதல் 1961 வரை வந்த பஞ்சத்தில் தெரிந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். மடிந்தவர்களில் மிகப் பெரும்பாலார் யார்? தானியத்தை விளைவித்த குடியானவர்களே! விளைந்ததைக் கொள்முதல் என்ற பேரால் பட்டணத்திற்கும் ஏற்றுமதிக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உழுதவன் பட்டினியாய்ச் செத்தான். சாகாமலிருக்க ஊரைவிட்டு ஓடலாமென்றால் வழியில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் 1978ம் வருஷக் கடைசியில் ஆன்ஹுய் மாகாணத்து ஷியாவ்காங் என்ற சிறு கிராமத்தில் 18 குடும்பத்தார் இரகசியமாய்க் கூடி, பொது நிலத்தைக் குடும்பவாரியாய்ப் பங்கிட்டுக்கொண்டு பயிர் செய்வதென்று கைநாட்டுப் போட்டார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பதென்றும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில் டெங் ஷியாவ்பிங் முதலானவர்கள் பீக்கிங்கில் கூடிச் சீர்திருத்தத்திற்கு வழி திறந்தது உண்மையே. ஆனால் நிலத்தைக் குடும்பத்திற்கு விடுவதை அந்தக் கூட்டம் அங்கீகரிக்கவில்லை. குடியானவர்கள் செய்துகாட்டி, விளைச்சல் பெருகின பிறகே 1982ல் மேலிடத்தார் அதைச் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். ஆகவே இந்தப் பெரிய மாறுதலுக்கு முதல் அடி எடுத்து வைத்தவர்களில் படிப்பில்லாத பட்டிக்காட்டார்களும் உண்டென்பதை மறக்கக் கூடாது.

நிலத்தில் வேலை குறைந்தது, கைகள் மீந்தன. 1980ல் ஷென்ஜென் முதலிய நான்கு இடங்களை விசேஷப் பொருளாதார வட்டாரங்களாக்கி அந்நிய முதலாளிகளை அழைத்தார்கள். 1984ல், சொந்தமாய்த் தானியம் தேடிக்கொள்ளுகிறவன் சிறு நகரங்களில் போய்க் குடியிருக்கலாமென்று விட்டார்கள். 1985ல் பட்டணங்களில் தங்குவதற்குத் 'தற்காலிக வாசச் சீட்டு' ஏற்பட்டது. ஜனங்கள் வெள்ளமாய்ப் புறப்பட்டார்கள். 1979ல் சுமார் 3 லட்சம் பேர் இருந்த ஷென்ஜென் வட்டாரத்தில் 2020ம் வருஷத்து ஜனக் கணக்கில் 1 கோடியே 75 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் அந்த நகரத்துப் பதிவில்லாதவர்கள்!

இங்கேதான் தோழர்களே, சூட்சுமம் இருக்கிறது. சந்தையைத் திறந்தவர்கள் பதிவை ஏன் ஒழிக்கவில்லை? ஒழித்தால் வந்தவனுக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முதுமைச் சம்பளம் எல்லாம் கொடுக்கவேண்டி வரும். ஒழிக்காவிட்டால் அவன் உழைப்பை மாத்திரம் எடுத்துக்கொண்டு, வியாதி வந்தாலும் வயதானாலும் "உன் ஊருக்குப் போ" என்று சொல்லிவிடலாம். மாட்டின் பால் வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் போட வேறொருவன் வேண்டும் என்கிற கணக்கு இது. பழைய காலத்துக் கட்டுப்பாடு புதிய காலத்து முதலாளிக்கு இலாபமாய் வந்து வாய்த்தது.

1993ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஷென்ஜெனில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஜன்னல்களுக்குக் கம்பி; கதவுகளுக்குப் பூட்டு. 80க்கும் மேற்பட்டவர்கள் வெந்தும் மூச்சடைத்தும் இறந்தார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பதிவுள்ள இளம் பெண்கள். அந்நிய தேசத்துக் குழந்தைகள் விளையாடுவதற்குப் பொம்மை செய்தவர்கள் இவர்கள்.

ஆனாலும் அந்தப் பெண்கள் ஏன் திரும்பத் திரும்பப் பட்டணத்திற்கு வந்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கிராமத்தில் அவள் தகப்பனுக்குப் பெண், அல்லது புருஷனுக்குப் பெண்சாதி. ஆலையில் கூலி அவள் கையில் வந்தது. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவளுடைய பேச்சுக்கு வீட்டில் மதிப்பு வந்தது. கல்யாண விஷயத்தில் வேண்டாமென்று சொல்லும் துணிவும் பலருக்கு வந்தது. இது சீர்திருத்தத்தால் வந்த நல்ல பலனே. ஆனால் அதே காலத்தில், 1980 முதல் 2015 வரை நடந்த ஒரே குழந்தை விதியின் கீழ், கிராமங்களில் முதல் குழந்தை பெண்ணானால் இரண்டாவது பெற்றுக்கொள்ளலாமென்று 1984 முதல் பல மாகாணங்களில் சலுகை கொடுத்தார்கள். பெண் குழந்தை அரைக் குழந்தை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

பிள்ளைகளின் கதி இன்னும் பரிதாபமானது. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் பலருக்கு இடம் கிடைக்கவில்லை. சர்வகலாசாலைப் பரீட்சையோ பதிவுள்ள ஊரில்தான் எழுதவேண்டியிருந்தது. ஆகவே பெற்றோர் பட்டணத்திலும் பிள்ளைகள் கிராமத்துப் பாட்டியிடத்திலுமாகக் குடும்பம் இரண்டாகப் பிளந்தது. 2010ம் வருஷத்து ஜனக் கணக்கைக் கொண்டு பார்த்ததில் இப்படி விடப்பட்ட கிராமத்துக் குழந்தைகள் சுமார் 6 கோடியே 10 லட்சம் பேர் என்று தெரிந்தது. வருஷத்தில் ஒரு தடவை புது வருஷத்திற்கு வருகிற தாயைக் குழந்தை அடையாளம் கண்டுகொள்ளவில்லையென்றால், அந்தத் தாய் கட்டின மாளிகைக்கு என்ன அர்த்தம்?

இனி 2003ம் வருஷத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். வூஹானில் கல்லூரிப் படிப்பு முடித்த 27 வயது வாலிபர் ஒருவர் வேலைக்காகக் குவாங்ஜோ நகரத்திற்கு வந்தார். மார்ச்சு மாதம் ஒரு நாள் இரவு தெருவில் போகும்போது போலீசார் சீட்டைக் கேட்டார்கள். தற்காலிக வாசச் சீட்டு அவரிடம் இல்லை. 1982ம் வருஷத்து விதியின்படி, திக்கற்றவர்களைப் பிடித்து ஊருக்கு அனுப்பும் காவலில் அவரை அடைத்தார்கள். மூன்றாம் நாள் அடிபட்டு இறந்தார். தன் தேசத்தில் தெருவில் நடந்தது தவிர அவர் செய்த குற்றம் யாதொன்றுமில்லை.

அந்நகரத்துப் பத்திரிகை ஒன்று இதைத் துணிந்து வெளியிட்டது. தேசமெங்கும் கொதிப்பு உண்டாயிற்று. மூன்று சட்ட அறிஞர்கள், அந்த விதியே அரசியல் சட்டத்திற்கு விரோதமென்று பார்லிமெண்டுக்கு மனுச் செய்தார்கள். ஜூன் மாதத்தில் சர்க்கார் அந்த விதியை ரத்து செய்தார்கள். 20 வருஷம் ஆடாமல் அசையாமல் இருந்த விதி, வெளிச்சம் பட்ட மூன்று மாதத்திற்குள் விழுந்தது. ஆனால் அந்தப் பத்திரிகை நிர்வாகிகள் இருவர் அடுத்த வருஷமே வேறு குற்றச்சாட்டின் பேரில் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? ஜனங்கள் கேட்டால் கிடைக்கும். கேட்கிறவர்களுக்கு மாத்திரம் பாதுகாப்பில்லை.

அரசியல் மாறுதலின் சங்கதியும் இதுதான். 1978ம் வருஷத்து அரசியல் சட்டத்தில் இருந்த வேலைநிறுத்த உரிமையை 1982ல் எடுத்துவிட்டார்கள். 1989ல் பீக்கிங் மைதானத்தில் மாணவர்கள் கூடியபோது தொழிலாளர்களும் தங்களுக்கென்று சுயேச்சைச் சங்கம் ஏற்படுத்தினார்கள். ஜூன் மாதத்தில் பட்டாளம் வந்து பதில் சொல்லிற்று. 2002ல் முதலாளிகளும் கம்யூனிஸ்டு கட்சியில் சேரலாமென்று கதவைத் திறந்தார்கள். தொழிலாளி தனக்கென்று தனிச் சங்கம் வைக்கவோ இன்றுவரை கதவு திறக்கவில்லை. 2018ல் ஜனாதிபதி இரண்டு தடவைதான் இருக்கலாம் என்ற வரம்பையும் நீக்கிவிட்டார்கள். முதலாளிக்குக் கட்சி, தலைவருக்கு வரம்பில்லாத பதவி, தொழிலாளிக்குச் சீட்டு - இது என்ன நியாயம்?

"பதிவை ஒழித்தால் எல்லோரும் பட்டணத்திற்கு வந்து குடிசை போட்டு நாறடித்துவிடுவார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். நாம் கேட்பதெல்லாம், அவர்கள் வராமலா இருக்கிறார்கள் என்பதுதான். 2023ம் வருஷக் கணக்கில், சொந்த வட்டாரத்திலேயே கூலி வேலை செய்தவர்களையும் சேர்த்து, இப்படிப்பட்ட கிராமத்துத் தொழிலாளர் 29 கோடியே 75 லட்சம் பேர். வந்தாயிற்று, கட்டிடம் கட்டியாயிற்று, சாக்கடை எடுத்தாயிற்று. உரிமை கேட்கும்போது மாத்திரம் இடம் போதாதா? 2017 நவம்பரில் பீக்கிங்கின் ஓரத்தில் ஒரு தீ விபத்தில் 19 பேர் இறந்தபோது, மற்ற வெளியூர்க்காரர்களுக்கு நல்ல வீடு கொடுப்பதற்குப் பதிலாக, பதினாயிரக்கணக்கானவர்களைக் குளிர்காலத்தில் வெளியே தள்ளினார்கள்.

மாறுதலே இல்லையென்று சொல்லமாட்டோம். 2006ல் விவசாய வரி ஒழிந்தது. 2014ல் விவசாயப் பதிவு, விவசாயமல்லாத பதிவு என்ற பெயர்களை நீக்குவதாய் உத்தரவு வந்தது. சிறு நகரங்களில் பதிவு சுலபமாயிற்று. ஆனால் பீக்கிங், ஷாங்காய் போன்ற பெரிய நகரங்களில் படிப்பு, சொத்து, உத்தியோகம் இவைகளுக்கு மார்க்குப் போட்டுத்தான் கதவு திறக்கிறார்கள். 2020ல் 100க்கு சுமார் 64 பேர் நகரங்களில் வசித்தார்கள். நகரத்துப் பதிவு இருந்ததோ சுமார் 45 பேருக்குத்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிற கோடிக்கணக்கான ஜனங்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம்.

முடிவாய் நாம் சொல்வது இதுதான். செல்வம் பெருகினால் வித்தியாசம் தானாய் ஒழியும் என்பது ஒரு மூட நம்பிக்கை. வித்தியாசத்தால் இலாபமடைகிறவன் இருக்கிறவரை அது புது உடை போட்டுக்கொண்டு வாழும். அதே சமயத்தில், மனிதன் எழுதினதை மனிதனே அழிக்கலாமென்பதற்கு 2003ம் வருஷம் சாட்சியாய் நிற்கிறது.

நாம் சொன்னதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டிற்குப் போய் உங்கள் அறிவைக் கொண்டு நிறுத்துப் பாருங்கள். சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.