ரோட்டுக்கு எந்த மண் ஆகும்? கையில் எடுத்துப் பார்த்தே சொல்லலாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சேமிப்பு, கடன், வங்கி பற்றி நான் பேசப் போவதில்லை. ரோடு பற்றிப் பேசப் போகிறேன். தார் ரோடு இல்லை, நம்ம ஊர் மண் ரோடு. போன மாதம் மூன்று குழுக்களின் தீர்மானப் புத்தகத்தில் ஒரே விஷயம்தான் இருந்தது: கிராவல் அடித்தார்கள், ஒரே மழையில் போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் 108 வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடுகிறது. நிறைமாதக் கர்ப்பிணியை அதுவரைக்கும் சேற்றில் நடத்திக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

"அப்படியென்றால் தார் ரோடு கேட்போமே" என்று ஒரு அக்கா கேட்டார்கள். கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 500 பேர் இருக்கிற குடியிருப்பு என்பதுதான் கணக்கு. நம்மில் பாதிப்பேர் ஊர் அந்தக் கணக்குக்குள் வராது. காட்டுப் பாதை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. இன்னொன்று, தார் போட்டாலும் அடியில் இருப்பது மண்தான். அடிமண் சரியில்லை என்றால் மேலே போட்ட தாரும் தங்காது.

சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கமெல்லாம் கரிசல். இந்த மண்ணைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை பெய்தால் ஊதும், வெயிலில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கும் கம்புக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொடுக்கிற அதே குணம்தான் ரோட்டைக் கெடுக்கிறது. கரிசல் மேல் நேராகக் கிராவலைக் கொட்டினால், ஈரத்தில் வண்டிச் சக்கரம் அந்தக் கல்லை அடியில் அமுக்கிவிடும். கல் போச்சு, ரோடு போச்சு.

கண்மாய் வண்டலும் அப்படித்தான். தூர்வாரும்போது "சும்மாதானே கிடக்கு, ரோட்டில் போடுவோம்" என்று யாராவது சொல்வார்கள். வண்டல் வயலுக்குப் பொன். ரோட்டுக்கு வெயிலில் புழுதி, மழையில் வழுக்கல், அவ்வளவுதான். இதைத் தடுத்தாலே பாதி சண்டை தீரும்.

அப்போ எந்த மண் ஆகும்? மூன்று பொருள் கலந்திருக்க வேண்டும். கல் பாரத்தைத் தாங்கும். மணல் கல்லுக்கு நடுவில் இருக்கிற சந்தை நிரப்பும். கொஞ்சம் களி இரண்டையும் பிடித்து வைக்கும். களி அதிகமானால் சேறு. களியே இல்லையென்றால் கல் பெயர்ந்து ஓடும், ரோடு துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாக எழும்பும், டூவீலர் சறுக்கும். பார்க்க நல்ல சிவப்பாக இருக்கிறதே என்று நிறத்தை நம்ப வேண்டாம். சிவப்பு மண்ணிலும் வெறும் களி உண்டு.

இதை நாமே எப்படிப் பார்ப்பது? ஒரு கண்ணாடி பாட்டில் போதும். கல்லைப் பொறுக்கிவிட்டு, கால்வாசி மண் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் வண்டல் படிய சில மணி நேரம் ஆகும். களி கலங்கலாகவே நின்று மறுநாள்தான் தெளியும். எந்த அடுக்கு எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

அடுத்தது, அதே மண்ணைப் பிசைந்து வடை அளவுக்குத் தட்டி இரண்டு நாள் வெயிலில் காய வைத்து உடையுங்கள். தொட்டதும் பொடியாகிவிட்டால் அதில் பிடிப்பு இல்லை. கல் போல இறுகி உடைக்கவே முடியவில்லை, அல்லது காயும்போதே வெடித்திருக்கிறது என்றால் களி அதிகம். கொஞ்சம் அழுத்தி உடைத்தால் உடைகிறதே, அதுதான் நமக்கு வேண்டும். கல்லையும் பாருங்கள். இரண்டு கல்லைத் தட்டினால் நொறுங்குகிற மாவுக்கல் ஆகாது. மேல் அடுக்கில் எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய கல் கிடக்கக் கூடாது.

இந்தச் சோதனைகள் ஆய்வகச் சோதனைக்குப் பதில் ஆகாது. ஆனால் டிப்பர் வந்து நிற்கும்போது "இந்த லோடைக் கொட்டாதீங்க, முதலில் ஓவர்சியரைக் கூப்பிடுங்க" என்று சொல்வதற்கு இது போதும். கொட்டி நிரவிய பிறகு சொன்னால் யாரும் திரும்ப அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள்.

நல்ல மண் கிட்டத்தில் இல்லாவிட்டால் கலந்துதான் சரி செய்ய வேண்டும். களி மண்ணோடு மணலோ கிரஷர் தூசியோ சேர்க்கலாம். மணற்பாங்கான சரளையோடு கொஞ்சம் களி சேர்க்கலாம். கரிசலுக்குச் சுண்ணாம்பு ஒரு நல்ல மருந்து. காய்ந்த மண் 100 கிலோவுக்கு 3 முதல் 5 கிலோ நீற்றிய சுண்ணாம்பு என்பது வழக்கமான அளவு. சரியான அளவைப் பொறியாளர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு கலந்தால் கரிசலின் ஒட்டலும் ஊதலும் குறையும். அதற்கு மேல் கிராவல் போட்டால் நிற்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு கலக்குகிற வேலைக்கு நம்ம பெண்களைத்தான் நிறுத்துவார்கள். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வாங்கிக் கொடுக்காமல் அந்த வேலையில் யாரும் இறங்காதீர்கள். கை வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நல்ல மண் வந்துவிட்டால் மட்டும் போதாது. நம்ம ஊர்களில் நடப்பது என்ன? கொட்டுகிறார்கள், ஜேசிபியால் இழுத்து நிரவுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால்தான் மண் இறுகும். எவ்வளவு தண்ணீர்? புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அந்தப் பதம். கையில் பிடித்தால் பிடி நிற்கணும், உள்ளங்கையில் ஈரம் கசியக் கூடாது. ரோட்டின் நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிவாக இருக்கணும். 3 மீட்டர் அகல ரோட்டுக்கு நடுப்பகுதி ஓரத்தை விட ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் உயரம். குறுக்கே ஒரு கயிற்றை மட்டமாகப் பிடித்தால் தெரிந்துவிடும். ஓரத்தில் வாய்க்கால் இல்லையென்றால் மற்ற எல்லாம் வீண்.

கணக்கும் பார்க்கத் தெரிய வேண்டும். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இறுகிய பிறகு 10 சென்டிமீட்டர் கனம் என்றால் 30 கனமீட்டர். கொட்டும்போது மண் தளர்வாக இருப்பதால் சுமார் 14 யூனிட் வந்தால்தான் அந்தக் கனம் நிற்கும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வருகிற வண்டியில் எத்தனை யூனிட் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நம்ம குழுக் கணக்கில் பத்து ரூபாய் விடாமல் எழுதுகிறவர்கள் நாம், இது பெரிய வேலையா?

"நீ யார் கேட்க?" என்று யாராவது கேட்டால், 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. காகிதம் வாங்குவதற்கு மட்டும்தான் அந்தச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதில் உரிமை உண்டு. மண்ணும் பொருள்தான். 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி மனுப் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம், அதற்கான சான்றை இணைத்தால் போதும்.

ஆனால் மனுவுக்கு முன்னால் கிராம சபை. 2022 முதல் தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டு நாட்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. "ரோடு போட்டுத் தாருங்கள்" என்று மட்டும் தீர்மானம் எழுதாதீர்கள். எந்தக் குவாரியிலிருந்து மண் வருகிறது, அனுமதி உண்டா, ரோலர் ஓடுமா, வாய்க்கால் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று எழுதுங்கள். தலைவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் அவரவர் ஊர் ரோட்டு மண்ணை ஒரு பாட்டிலிலும், காய வைத்த வடை ஒன்றையும் கொண்டு வாங்க. பாட்டில் மேல் ஊர்ப் பெயர் எழுதி ஒட்டியிருக்கணும். ஒன்றியப் பொறியாளர் ஒருவரை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வந்தால் அவர் முன்னாலேயே வரிசையாக வைத்துப் பார்த்துவிடலாம்.